மேட்டுப்பாத்தியும் ரிட்டெய்னிங் வாலும்



எங்கள் ஊர் கடலூர் பக்கம். கொல்லை முழுக்கக் களிமண். ஐப்பசி மழை பிடித்தால் தண்ணீர் தேங்கி, அம்மா வைக்கும் கத்திரிச்செடி வேர் அழுகிப் போகும். "சிவில் படிக்கிறியே, இதுக்கு ஒரு வழி பண்ணேன்டா" என்றார்கள்.

மேட்டுப்பாத்தி கட்டினேன். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 45 செ.மீ. உயரம். பழைய செங்கல்லில் நாலரை இஞ்ச் சுவர். ஓர் இடுக்கு விடாமல் சிமெண்ட் பூசினேன். பார்க்க அழகுதான். முதல் பெரிய மழையிலேயே நீளப்பக்கச் சுவர் வெளியே சாய்ந்து விழுந்தது. "படிச்ச புள்ள கட்டுன சுவரு" என்று பக்கத்து வீட்டு அத்தை சிரித்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

அடியில் களிமண், சுற்றிலும் சிமெண்ட். நான் கட்டியது பாத்தியே இல்லை, தொட்டி! நோட்டைப் புரட்டினேன். ரேங்கின் 1857-இல் தந்த சூத்திரம், பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததுதான். மண் ஒரு கன மீட்டருக்கு 18 கிலோ நியூட்டன், உராய்வுக் கோணம் 30 டிகிரி என்று வைத்தால், எடையில் மூன்றில் ஒரு பங்குதான் பக்கவாட்டில் தள்ளும். சுவரின் அடியில் 18 × 0.45 ÷ 3 = 2.7 கிலோ நியூட்டன், சதுர மீட்டருக்கு. தண்ணீருக்கு ஏது உராய்வு? அது முழுசாகத் தள்ளும்: 9.81 × 0.45 = 4.4. நீரில் மூழ்கிய மண்ணின் பங்கு சுமார் 1.4. ஆக 5.8. இரண்டு மடங்குக்கும் மேல்!

இன்னொன்று. சுவரைக் கவிழ்க்கும் மொமென்ட், உயரத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 45-ஐ 30 ஆக்கினால் பத்தில் மூன்று பங்குகூட மிஞ்சாது. அதனால் இரண்டாம் முறை 30 செ.மீ. உயரம், ஒன்பது இஞ்ச் சுவர். அடி வரிசையில் மூன்று கல்லுக்கு ஒரு இடுக்கைக் கலவை போடாமல் விட்டேன். உள்பக்கம் ஜல்லி, அதன்மேல் தேங்காய் நார்; இல்லாவிட்டால் மண் இடுக்கை அடைத்துவிடும். அடிக்களிமண்ணையும் மண்வெட்டியால் கொத்திவிட்டேன். நிரப்பியது செம்மண் 2 பங்கு, மக்கிய சாண எரு 1, மணல் 1. எரு பச்சையாக இருந்தால் செடி கருகும், பார்த்துக்கொள்ளுங்கள். மண் இறங்கும், கொஞ்சம் கூட்டியே போடணும். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் கட்டாதீர்கள், ஓதம் ஏறும்.

இந்த ஐப்பசியில் ராத்திரி மழையில் டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தேன். எல்லா இடுக்கிலும் செந்தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அப்பாவும் குடையோடு பின்னால் வந்து நின்றார்.