மணலிச் சாலையில் சைக்கிள்: டிரெய்லர்களோடு சேர்ந்து ஓட்டப் புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுத்திகரிப்பு ஆலைக்கு வந்துபோகும் டேங்கர்கள், சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் விரையும் கன்டெய்னர் டிரெய்லர்கள், சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குக் கம்பி ஏற்றிவரும் லாரிகள். இவை ஓடும் சாலையில்தான் ஷிப்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்களும், அரசின் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகளும் மிதித்துப் போகிறார்கள். மணலியில் சைக்கிள் பொழுதுபோக்கு அல்ல. பலருக்கு வேறு வண்டியே கிடையாது. அதனால் ‘ஆபத்து, ஓட்டாதே’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. எப்படி ஓட்டுவது என்றுதான் பேச வேண்டும்.

படி 1: சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

முன், பின் இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, சக்கரக் கம்பிகளிலும் பெடலிலும் ரிப்ளெக்டர். இந்தப் பக்கத்துத் தூசியில் ரிப்ளெக்டர் சீக்கிரம் மங்கிவிடும்; அடிக்கடி துடைத்துவிடுங்கள். சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாமல் கேரியரில் கட்டுங்கள். தொங்கும் பை ஒருபக்கமாக இழுக்கும், சக்கரத்திலும் மாட்டும்.

சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் போடுங்கள், பட்டையை இறுக்கிப் போடுங்கள். இயர்போன் வேண்டவே வேண்டாம். பின்னால் வரும் லாரியை முதலில் அறிவது காதுதான்.

படி 2: வழியைத் தேர்ந்தெடுங்கள்

மணலி விரைவுச்சாலை, பொன்னேரி நெடுஞ்சாலை, மாதவரம் பக்கம் போகும் உள்வட்டச்சாலை மூன்றிலும் கனரக வண்டிகள் அதிகம். உள்தெருக்கள் வழியாகச் சற்றுச் சுற்றிப் போக முடிந்தால் அப்படியே போங்கள். புதிய வழியை ஒரு ஞாயிறு காலையில் ஒருமுறை ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

தூரத்து யூ-டர்னைத் தவிர்க்க எதிர்த்திசையில் ஓட்டும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. செய்யாதீர்கள். பக்கத்துத் தெருவிலிருந்து இடப்பக்கம் திரும்பும் டிரைவர் தன் வலப்பக்கம் வரும் வண்டிகளைத்தான் பார்ப்பார். நீங்கள் வருவது அவர் பார்க்காத பக்கத்திலிருந்து. எதிர்த்திசையில் கொஞ்ச தூரம் போயே ஆக வேண்டுமென்றால் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள்.

படி 3: சாலையில் உங்கள் இடம்

இடது ஓரமாக ஓட்டுங்கள், ஆனால் விளிம்பை ஒட்டி அல்ல. அங்கே மணலும் கண்ணாடித் துண்டும் குழியும் கிடக்கும். அவற்றைத் தவிர்க்கத் திடீரென உள்ளே வளைந்தால் பின்னால் வருபவருக்குப் பிரேக் போட நேரம் இருக்காது. விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, நேர்கோட்டில் ஓட்டுங்கள். வலப்பக்கம் திரும்பும்முன் திரும்பிப் பார்த்து, வலக்கையை நேராக நீட்டிக் காட்டி, பிறகு நகருங்கள். கை காட்டிவிட்டதாலேயே வழி கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

படி 4: டிரெய்லரின் இடப்பக்கத்தில் நிற்காதீர்கள்

மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக்கூடாது.

நாற்பது அடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது, பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் போகாது. மூலையை உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அதற்கு இடம் வேண்டி டிரைவர் முதலில் வண்டியைச் சற்று வலப்பக்கம் ஒடிப்பார். அப்போது இடப்பக்கத்தில் ஓர் இடைவெளி திறக்கும். சைக்கிள்காரருக்கு அது தனக்கு விட்ட வழிபோலத் தெரியும். உள்ளே நுழைவார். அடுத்த சில நொடிகளில் அந்த இடைவெளி மூடிவிடும்.

டிரைவர் வேண்டுமென்றே செய்வதில்லை. அவர் உட்கார்ந்திருப்பது வலது மூலையில், உயரத்தில். இடது கதவுக்குக் கீழே இருப்பதும், பம்பருக்கு ஒட்டி முன்னால் இருப்பதும் அவருக்குத் தெரியாது. இடப்பக்கம் எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்க முன்பெல்லாம் கிளீனர் இருப்பார். இப்போது பல வண்டிகளில் டிரைவர் மட்டும்தான்.

ஆகவே, டிரெய்லரின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.எப்.எல். சந்திப்பு போன்ற இடங்களில் சிக்னலுக்கு நிற்கும்போது முன்னால் எவ்வளவு இடம் இருந்தாலும் பின்னாலேயே நில்லுங்கள். லாரியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போவது கூடவே கூடாது. மீறி டிரெய்லரின் இடப்பக்கத்தில் மாட்டிக்கொண்டால் சைக்கிளைப் போட்டுவிட்டு நடைபாதைக்குத் தாவுங்கள்.

லண்டன் மாநகரம் இந்தச் சிக்கலைச் சைக்கிள்காரர் தலையில் மட்டும் கட்டவில்லை. டிரைவர் தன் கண்ணாலேயே வெளியே எவ்வளவு பார்க்க முடிகிறது என்று அளந்து லாரிகளுக்கு நட்சத்திரம் கொடுத்து, அது குறைந்த கனரக லாரிகளை, கூடுதல் பாதுகாப்புக் கருவி பொருத்தாமல் நகருக்குள் வரவிடாத விதியை 2021 மார்ச் முதல் நடைமுறைப்படுத்துகிறது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களுக்கு நாமும் இதைக் கேட்க வேண்டும்.

படி 5: நிற்கும் லாரிகளைக் கடப்பது

துறைமுக வாயிலில் வரிசை நீண்டால் டிரெய்லர்கள் சாலையோரமே நின்றுவிடும். சைக்கிளுக்கு இருந்த ஓரமும் போய்விடும். லாரிக்குக் கிட்டே போனபின் வளையாதீர்கள். தூரத்திலேயே திரும்பிப் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் கை காட்டி வெளியே வந்து, வரிசை முடியும்வரை நேராகப் போங்கள். லாரிகளுக்கு இடையே உள்ளே வெளியே என நுழைந்து போகக் கூடாது.

படி 6: மழையிலும் இருட்டிலும்

முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெய் மிதந்து வழுக்கும். தேங்கிய நீருக்குள் குழி இருக்கலாம். ஆலைகளுக்குப் போகும் சரக்கு ரயில் தண்டவாளம் குறுக்கிடும் இடங்களில் நேர்க்குறுக்காகக் கடந்து செல்லுங்கள். சாய்வாகப் போனால் டயர் இடுக்கில் மாட்டும். இரவு ஷிப்ட் முடிந்து வருபவர்கள் வெளிர்நிறச் சட்டை அணியுங்கள். ஆலையில் தரும் ஒளிரும் மேலங்கி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வாருங்கள்.

ஸ்டியரிங் பிடிப்பவர்களுக்கு

மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு வாகனம் ஓட்டும் விதிமுறைகள், நடந்து செல்வோர், சைக்கிளோட்டிகள், குழந்தைகள், முதியோரிடம் ஓட்டுநர் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்கின்றன. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகிறது. கால் பிரேக்கைத் தொடும்முன்பே பல மீட்டர் கடந்துவிடும். சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டராவது தள்ளிப் போங்கள். உங்கள் வண்டி கிளப்பும் காற்றே அவரைத் தள்ளாட வைக்கும். முந்திய கையோடு இடப்பக்கம் திரும்பாதீர்கள். முதுகுக்குப் பின்னால் வந்து ஏர் ஹாரன் அடித்தால் அவர் பதறி எந்தப் பக்கம் வளைவார் என்று சொல்ல முடியாது. பழுதாகி நின்றால் நான்கு விளக்கையும் மின்ன விட்டு, சிவப்பு முக்கோணத்தைத் தள்ளி வையுங்கள்.

அடிபட்டுவிட்டால்

108-ஐ அழையுங்கள். மோதிய வண்டியின் டிரைவர் காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டியது சட்டக் கடமை. உதவ ஓடிவருபவர் பயப்பட வேண்டாம்: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து மணலியில் வேலை செய்பவருக்கும் இது உண்டு. உங்கள் ஷிப்டில் அப்படி யாராவது சைக்கிளில் வந்தால் இதை அவரிடம் சொல்லிவையுங்கள்.