ரைடர் யார், பில்லியன் ரைடர் யார்?

தம்பி தங்கைகளே, இந்த மாத ஆங்கிலப் பாடம் ஒரு இன்சூரன்ஸ் பாரத்திலிருந்து தொடங்குகிறது.

ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்துப் பையன், வயது 15. மாசி மகத்துக்கு அண்ணனோடு கப்சாயில் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போயிருக்கிறான். ஓட்டியது அண்ணன். திரும்பி வரும்போது மோட்டார் சறுக்கி அண்ணனுக்குக் கால் முறிந்துவிட்டது. இன்சூரன்ஸ் பாரம் ஆங்கிலத்தில் இருந்தது. பால்மரம் வெட்டும் அப்பா, "நீதான் இங்கிலீஷ் படிக்கிறியே, எழுதுடா" என்று இவனிடம் கொடுத்துவிட்டார்.

'ரைடர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தான். 'பில்லியன் ரைடர்' என்ற இடத்தில் ஒரு கோடு. நல்ல வேளை, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினான். ஏண்டா இப்படி என்றேன். "மோட்டார்ல போனவன்தானே சார் ரைடர்? பில்லியன்னா நூறு கோடி. அது நமக்கு எதுக்குன்னு கோடு போட்டுட்டேன்."

சிரிப்புதான் வந்தது. ஆனால் நம் நாட்டில் மோட்டார் லைசென்ஸ் எடுக்கவே 16 வயதாக வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் நான்தான் ஓட்டினேன் என்று அவனே எழுதிக் கொடுத்தது போல ஆகியிருக்கும். யார் ஓட்டினார் என்பதுதானே அங்கே முதல் கேள்வி!

ஹேண்டிலைப் பிடித்து ஓட்டுகிறவர் ரைடர். பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறவர் பில்லியன் ரைடர். மலாயில் இந்தக் குழப்பமே இல்லை: முன்னவர் பெனுங்காங், பின்னவர் பெம்போன்செங். ஆங்கிலத்தில்தான் இரண்டு பேருக்கும் 'ரைடர்' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பில்லியனுக்கும் நூறு கோடிக்கும் சம்பந்தமில்லை. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன. ஆங்கிலத்தில் நூறு கோடிக்கு முதலெழுத்து 'பி', பின்சீட்டுக்கு 'பீ'யைப் போல் ஒலிக்கும் இன்னொரு எழுத்து, 'பேப்பர்' என்பதில் வருவது. குதிரைச் சேணத்துக்குப் பின்னால் இன்னொருவர் உட்காரப் போட்ட மெத்தைக்குத்தான் முதலில் இந்தப் பெயர். குதிரை போய் மோட்டார் வந்தும் பெயர் நின்றுவிட்டது.

இன்னொரு வேடிக்கை. சாப்பாடு கொண்டுவரும் அண்ணனை நாம் ரைடர் என்கிறோம். ஊபரிலோ காரைக் கூப்பிட்டு ஏறி உட்காருகிற ஆளுக்குத்தான் அந்தப் பெயர். அமெரிக்காவில் பஸ்ஸில் போகிறவரும் ரைடர்தான். அந்தப் பையன் நினைத்தது உலகத்தில் இல்லாத அர்த்தம் இல்லை. நம் ஊர்ப் பாரத்தில் அது செல்லாது, அவ்வளவுதான்.

பேசும்போதும் கவனம் வேண்டும். 'ஐ வாஸ் ரைடிங் வித் மை பிரதர்' என்றால் யார் ஓட்டியது என்று தெரியாது. பின்னால் இருந்தால் 'ஐ வாஸ் த பில்லியன் ரைடர்' என்று சொல்லுங்கள். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்ய வேண்டும். அந்தப் பதற்றத்தில் வார்த்தை தேட நேரம் இருக்காது. 'ஐ டிரைவ் எ மோட்டார்சைக்கிள்' என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். டிரைவ் காருக்கு, மோட்டாருக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் ரைடு.

கடைசியாக நீங்கள் கோயிலுக்கு மோட்டாரில் போனபோது யார் ஓட்டினார், யார் பின்னால் இருந்தார்? ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. ஹெல்மெட் ரெண்டு பேருமே போட்டிருந்தீங்களான்னும் ஒரு வரி சேர்த்துக்கங்க.