திருநள்ளாற்றின் மேல் செயற்கைக்கோள் நிற்குமா?

சனிப்பெயர்ச்சி நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்துவிடும். திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் 3 நொடி ஸ்தம்பித்துப் போகின்றனவாம், நாசாவே வியந்து நிற்கிறதாம். காரைக்கால் பிள்ளைகள் இதை வகுப்பில் கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை

● கணக்குப் போட வையுங்கள். சுமார் 500 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏறக்குறைய 7.6 கி.மீ. போகிறது. அந்த 3 நொடியில் காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் வரையுள்ள தூரத்தைக் கடந்துவிடும். விழாமல் அதைக் காப்பதே அந்த வேகம்தான். நின்றால் கீழே வர வேண்டியதுதான். “அப்போ டிவி சாட்டிலைட் மட்டும் ஒரே இடத்துல நிக்குதே சார்?” என்று ஒரு பிள்ளை கேட்டால் கொண்டாடுங்கள். அது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றுவதால் நிற்பதுபோலத் தெரிகிறது. அதுவும் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலேதான் முடியும். திருநள்ளாறோ அதற்கு வடக்கே ஏறக்குறைய 11 பாகையில் இருக்கிறது.

● சனியையே காட்டுங்கள். சிறிய தொலைநோக்கி போதும், வளையம் தெரியும். சனி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 29.5 ஆண்டு ஆகிறது. 12 ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்குச் சுமார் இரண்டரை ஆண்டு, மூன்று ராசிக்கு ஏழரை. வெறுங்கண்ணால் வானத்தைப் பார்த்து இதைக் கணித்த முன்னோரை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அந்தக் கோள் ஒருவருடைய வேலையையும் கல்யாணத்தையும் கெடுக்கிறது என்பது தனியாக நிரூபிக்க வேண்டிய வேறொரு கூற்று. திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025 மார்ச் 29 அன்று பெயர்ச்சி என்றது. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில் 2026இல்தான் என்று அறிவித்தது. இடையிலுள்ள மாதங்களில் ஒரு ராசிக்காரருக்குச் சனி பிடித்திருந்ததா, இல்லையா? பிள்ளைகள் யோசிக்கட்டும்.

● எந்தச் செயற்கைக்கோள், எந்த ஆண்டு, யார் அளந்தார்கள் என்று கேட்டுவிட்டுப் பிறகு ஃபார்வர்ட் செய்யுங்கள்.

செய்யக்கூடாதவை

● நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வரும் பாட்டியைப் பிள்ளைகள் எதிரில் கேலி செய்யாதீர்கள். அவருடைய ஆறுதல் அவருடையது. நாம் கேள்வி கேட்பது பொய்த் தகவலை.

● நல்ல பழக்கமாகவே இருந்தாலும், காரணம் தெரியாமல் “இதுக்குப் பின்னாடி சயின்ஸ் இருக்கு” என்று அடித்துவிடாதீர்கள்.

● கேள்வி கேட்கும் பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று அடக்காதீர்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது 1976 முதல் அரசமைப்புச் சட்டம் சொல்லும் அடிப்படைக் கடமை.

● பாம்பு கடித்தவரை மந்திரிக்கக் கூட்டிப் போகவே போகாதீர்கள். வயலும் வாய்க்காலுமான நம் ஊர்ப்பக்கம் இது உயிர்ப் பிரச்சினை. “மந்திரிச்சுப் பொழைச்சவங்க இருக்காங்களே” என்பார்கள். இருக்கிறார்கள். சாரைக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் விஷமில்லை. நல்ல பாம்புகூடச் சில நேரம் விஷம் இறக்காமல் கடிக்கும். அவர்கள் மந்திரிக்காமலும் பிழைத்திருப்பார்கள். மந்திரித்தும் இறந்தவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தரையில் படுத்துறங்குபவரை இரவில் கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் இமைகள் சொருகும், பிறகு மூச்சு திணறும். அந்த மணி நேரங்களைத்தான் மந்திரிப்பு தின்றுவிடுகிறது. கடிவாயைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.