நடு மாதங்களை நம்பிவிடாதே

அன்புள்ள தங்கைக்கு,

துணை சுகாதார நிலையத்தில் பொறுப்பேற்றுக்கொண்டாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். இனி அந்த ஊர்களுக்கு நீதான் நர்சம்மா. ரெஜிஸ்டர், கர்ப்பிணிகளுக்கான பிக்மி பதிவு எண், தடுப்பூசி நாள் எல்லாம் வேலையோடு வேலையாகப் பழகிவிடும். நான் எழுத வந்தது நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாத முடிவு வரையான காலத்தைப் பற்றி.

மசக்கை ஓய்ந்து, சோறு இறங்கி, முகம் தெளிகிற மாதங்கள் இவை. வீட்டாருக்கும் கவலை விட்டுப்போகும். அதனாலேயே எந்தத் தொந்தரவுக்கும் உடனே ஒரு சமாதானம் கிடைத்துவிடும். தலைவலியா, வெயில். மேல்வயிறு வலிக்கிறதா, வாயு. அடிவயிறு இறுக்குகிறதா, சூட்டு வலி. பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆபத்தும் அங்கேதான்: உண்மையில்லாத அந்த ஒரு நாளும் அதே சமாதானத்தில் கழிந்துவிடும். அந்தச் சமாதானத்தைக் கேட்ட பிறகும் இன்னொரு கேள்வி கேட்பதுதான் உன் வேலை.

இருபது வாரம் தாண்டியவள் தலைவலி என்றால், கண் மங்குகிறதா, பூச்சி பறக்கிற மாதிரி தெரிகிறதா, வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறதா என்று கேள். மெட்டி இறுக்குவது சகஜம். திடீரென்று மோதிரம் இறுகினாலும் முகம் ஊதினாலும் சும்மா விடாதே. பி.பி. பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார வை. வெயிலில் நடந்து வந்தவளை வந்த வேகத்தில் பார்க்காதே. பட்டையை ரவிக்கைக் கையின் மேல் சுற்றாதே. கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், பார்க்கும்போது பேச்சு வேண்டாம். 140/90 தொட்டுவிட்டால் சிறுநீரில் ஆல்புமின் பார்த்து, அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பு. 160/110 என்றால் 108-ஐக் கூப்பிடு. இன்னொன்றும் நினைவில் வை: நடு மாதங்களில் பி.பி. இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். முதல் விசிட்டில் 100/60 இருந்தவளுக்கு இப்போது 130/84 என்றால், எல்லைக்குள்தான் இருக்கிறது என்று விட்டுவிடாமல் சீக்கிரமே மறுபடி பார். பி.பி. சரியாக இருந்தும் அந்த அறிகுறிகள் விடவில்லையென்றால் அப்போதும் அனுப்பு.

புரண்டு படுக்கும்போது, சட்டென்று எழும்போது இடுப்பு மடிப்பில் சுருக்கென்று குத்தி, ஓய்வெடுத்தால் அடங்குகிற வலி பெரும்பாலும் கர்ப்பப்பையைத் தாங்கும் நாண் இழுபடுவதால் வருவது. விட்டுவிட்டு வந்து, வரவரக் கூடி, நடு இடுப்பையும் பிடித்துக்கொண்டு, கீழே அழுத்துகிற வலி வேறு. வயிற்றின் மேல் கையை வைத்துப் பத்து நிமிடம் உட்கார். வயிறு கல்லாக இறுகி இறுகித் தளர்ந்தால், சீரகத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கிற நேரமில்லை அது. நீர்க்கடுப்போடு குளிர்காய்ச்சலும் விலாப்பக்க வலியும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அதுவே பிரசவ வலியைத் தூண்டிவிடவும் கூடும்.

உதிரம் பட்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரிதான். நஞ்சுக்கொடி கீழே இருந்தால் வலியே இல்லாமல் சிவப்பாகப் படும். ஸ்கேனில் நஞ்சுக்கொடி இருக்கும் இடம் தெரியாமல் யாரும் உள்பரிசோதனை செய்யக்கூடாது. துணி நனைகிறது என்றால் வெள்ளைப்படுதல் என்று முடிவுகட்டாதே. சுத்தமான பேட் வைக்கச் சொல்லி, சற்று நடக்கவிட்டுப் பார். தண்ணீராக ஊறியிருந்தாலும், உனக்குச் சந்தேகம் தீரவில்லை என்றாலும் அனுப்பிவிடு.

மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்பவளிடம் "மாத்திரை சாப்பிடுறியா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். மாத்திரை அட்டையைக் காட்டச் சொல். மலம் கறுத்ததைப் பார்த்துப் பயந்து நிறுத்தியிருப்பாள். அது இரும்புச்சத்து மாத்திரையால் வருவது என்று சொன்னால் பயம் போகும். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போயிருந்தால் மாத்திரையை மட்டும் நம்பாமல் அனுப்பிவிடு.

உன் கேள்விக்கு அவளுடைய மாமியார்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வார். அவரைப் பகைக்காதே, அவர் சொல்வதையும் கேள். பிறகு யூரின் பாட்டிலைக் கொடுத்து, கழிப்பறை வரை நீயே கூட நட. அந்தப் பத்தடி தூரத்தில்தான் உதிரம் பட்டதையும், வயிற்றில் அடி விழுந்ததையும் சொல்வாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். நாம் தவறவிடுவது அந்த இடைவெளியில்தான். அவளுடைய கர்ப்பகாலக் கார்டு கையோடு போகிறதா பார். அந்த ஊர் நர்சுக்கு ஒரு போன் போட்டு, முந்தைய பி.பி.யையும் ஹீமோகுளோபினையும் வாயாலேயே சொல்லிவிடு. அந்த அளவுகள் தானாகக் கம்ப்யூட்டரில் வரும் என்று இருந்துவிடாதே.

நீ அனுப்பியவர்களில் பாதிப்பேர் ஒன்றுமில்லை என்று திரும்பி வருவார்கள். "இதுக்கெல்லாமா அனுப்புவீங்க?" என்று ஆஸ்பத்திரியில் யாராவது கடிந்துகொள்ளவும் செய்யலாம். கேட்டுக்கொள். ஆனால் அந்தச் சலிப்பை அந்தப் பெண்ணிடம் காட்டிவிடாதே. "நீ வந்து சொன்னது நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொல். வீணாக அலைந்தோம் என்று அவள் கூச்சப்பட்டுவிட்டால், நிஜமாகவே ஆபத்து வரும் ராத்திரியில் உன்னைக் கூப்பிடாமல் விடியட்டும் என்று படுத்திருப்பாள்.

அன்புடன்,
உன் அக்கா