படித்ததைப் பகிர்ந்து கொள்வோம்



நீங்கள் எழுதப் படிக்கக் கற்றுக் கொண்டீர்கள். உங்கள் பெயரை நீங்களே எழுதுகிறீர்கள். பஸ்ஸின் பலகையைப் படித்து ஏறுகிறீர்கள். ரேஷன் கடையில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பொருள் வாங்குகிறீர்கள். இது பெரிய வெற்றி. உங்களுக்கு எங்கள் பாராட்டுகள்.

இனி என்ன செய்வது? இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

1. எழுத்து மறந்து போகுமா?

இறைத்த கிணறு ஊறும். இறைக்காத கிணறு நாறும். இது நம் பெரியவர்கள் சொன்ன பழமொழி. எழுத்தும் அந்தக் கிணற்றைப் போன்றதுதான்.

வகுப்பு முடிந்தது. புத்தகத்தைப் பரணில் வைத்தோம். ஆறு மாதம் தொடவே இல்லை. அப்புறம் எடுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? எழுத்துகள் தெரியும். ஆனால் கூட்டிப் படிக்க வராது. ஒரு வருடம் போனால் எழுத்துகளே குழம்பும். பிறகு வெட்கம் வரும். "எனக்குப் படிக்கத் தெரியும் என்று ஊரில் சொல்லிவிட்டேனே!" என்று மனம் கூசும். பழையபடி கைநாட்டு வைக்கத் தோன்றும்.

கைநாட்டு வைப்பவருக்கு நட்டம் அதிகம். கடன் பத்திரத்தில் எவ்வளவு வட்டி எழுதியிருக்கிறது? மருந்து அட்டையில் எந்தத் தேதி போட்டிருக்கிறது? கூலிக் கணக்கு சரியா? எல்லாவற்றுக்கும் அடுத்தவரைக் கேட்க வேண்டும். அவர் சொன்னதை நம்ப வேண்டும்.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி தொடங்கியது. எழுத்துக் கற்பித்தால் மட்டும் போதாது, கற்றவர் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பதை அந்த இயக்கம் உணர்ந்தது. அதற்காகத்தான் இதுபோன்ற தொடர் கல்விப் புத்தகங்கள் வந்தன.

2. இரண்டு மொழிகளின் ஊர்

எலப்புள்ளி பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ளது. இந்தப் பக்கத்து ஊர்களில் தமிழும் கேட்கும், மலையாளமும் கேட்கும். ஒரே சந்தையில் இரண்டு மொழியிலும் பேரம் நடக்கும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி கேரள மாநிலம் உருவானது. அதற்கு முன்பு பாலக்காடு, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே இரண்டு மொழிகளும் இங்கே நெடுநாளாக அக்கம்பக்கத்து வீடுகள்.

சிலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியும். சிலருக்கு மலையாள எழுத்துத் தெரியும். எழுத்தின் வடிவம் வேறு. ஆனால் அம்மா, கண், கடல், மலை போன்ற சொற்கள் இரண்டிலும் உண்டு. ஒருவர் படித்துச் சொன்னால் மற்றவருக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும். இது நமக்குக் கிடைத்த வசதி.

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் தஸ்ராக் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஓ.வி. விஜயன் என்ற எழுத்தாளர் அந்த ஊரை மனத்தில் வைத்து ஒரு நாவல் எழுதினார். 1969-இல் அது புத்தகமாக வந்தது. மலையாளத்தில் மிகவும் புகழ் பெற்ற நாவல் அது. "கசாக்கின் இதிகாசம்" என்ற பெயரில் யூமா வாசுகி அதைத் தமிழில் மொழிபெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்புக்குச் சாகித்திய அகாதெமியின் விருது கிடைத்தது. நம் பக்கத்துப் பனைமரங்களையும் வயல்களையும் பற்றிய கதை, மலையாளத்தில் பிறந்து தமிழிலும் வந்துவிட்டது!

3. நாற்பத்தேழு நூலகங்கள்

நூலகத்தை நம் பக்கத்தில் வாயனசாலை என்பார்கள். கேரளத்தின் ஊர்களில் இத்தனை வாயனசாலைகள் எப்படி வந்தன?

குட்டநாட்டில் நீலம்பேரூர் என்று ஓர் ஊர். அங்கே 1909-இல் பிறந்தவர் பி.என். பணிக்கர். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். 1926-இல் தன் சொந்த ஊரில் ஒரு நூலகத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 17.

ஒரு நூலகத்தோடு அவர் நிற்கவில்லை. ஊர் ஊராகச் சென்றார். நூலகம் நடத்துபவர்களைச் சந்தித்தார். 1945-இல் அம்பலப்புழையில் அவர்களை ஒன்று சேர்த்தார். 47 நூலகங்கள் சேர்ந்தன. திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் பிறந்தது. கேரளம் உருவான பிறகு அது கேரள கிரந்தசாலை சங்கம் ஆனது. படிப்போம், வளர்வோம் என்பதுதான் அதன் முழக்கம். 1975-இல் யுனெஸ்கோ நிறுவனம் அந்தச் சங்கத்துக்குக் குருப்ஸ்காயா விருது கொடுத்தது.

பணிக்கர் 1995-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி மறைந்தார். மறு ஆண்டு முதல் கேரளத்தில் ஜூன் 19-ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2017 முதல் அது தேசிய வாசிப்பு நாளாகவும் ஆனது.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு பெரியவர் இருந்தார். அவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்த என்று ஓயாமல் சொன்னவர். அவருடைய முயற்சியால் 1948-இல் சென்னை மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. கேரளத்தில் 1989-இல் நூலகச் சட்டம் வந்தது.

4. ஒருவர் படிக்க, பலர் கேட்க

புத்தகம் படிக்கத் தனி அறை வேண்டும், ஓய்வு நேரம் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். கண்ணூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளர்கள் அப்படி நினைக்கவில்லை.

பீடி சுற்றும் கைகளுக்கு வேலை உண்டு. காதுகளுக்கு வேலை இல்லை. ஆகவே தங்களில் ஒருவரைப் படிப்பதற்கென்று நிறுத்தினார்கள். அவர் உரக்கச் செய்தித்தாள் படிப்பார். கதைப் புத்தகமும் படிப்பார். மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படிப்பவருக்குக் கூலி குறையுமே? குறையாது. அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுத்தார்கள்.

படித்து முடித்ததும் பேச்சு தொடங்கும். "இது நியாயமா?" என்று ஒருவர் கேட்பார். "நம் ஊரில் எப்படி?" என்று இன்னொருவர் கேட்பார். படிக்கத் தெரியாதவர்களும் நாட்டு நடப்பை அறிந்தார்கள். கூலி பற்றியும் உரிமை பற்றியும் துணிந்து பேசினார்கள்.

5. காட்டுக்குள் ஒரு நூலகம்

இப்போது இடுக்கி மாவட்டத்துக்குப் போவோம். மூணாறுக்கு அப்பால் அடர்ந்த காடு. அதற்குள் இருக்கிறது இடமலைக்குடி. அங்கே முதுவான் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. அவர்கள் பேச்சு தமிழுக்கு நெருக்கமானது. 2010-இல் இடமலைக்குடி கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி ஆனது.

அங்கே பி.வி. சின்னத்தம்பி என்ற பெரியவர் சிறிய டீக்கடை நடத்தினார். பிஸ்கட், மிக்சர், தீப்பெட்டி விற்றார். அதே கடையில் ஒரு நூலகமும் நடத்தினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே சென்று பார்த்து, 2014-இல் அதைப் பற்றி எழுதினார். அப்போது சின்னத்தம்பிக்கு வயது 73.

அந்த நூலகத்தில் அலமாரி இல்லை. இரண்டு சாக்குகளில் புத்தகங்கள் இருந்தன. மொத்தம் 160 புத்தகங்கள். மலையாளத்தின் சிறந்த எழுத்தாளர்கள் எழுதியவை. சிலப்பதிகாரத்தின் மொழிபெயர்ப்பும் அவற்றில் இருந்தது. உறுப்பினர் ஆக 25 ரூபாய். பிறகு மாதம் 2 ரூபாய். மலை ஏறிக் களைத்து வருபவர்களுக்குக் கட்டஞ்சாயா இலவசம்!

சின்னத்தம்பி ஒரு நோட்டு வைத்திருந்தார். யார், எந்தத் தேதியில், எந்தப் புத்தகம் எடுத்தார் என்று அதில் எழுதினார். 2013-இல் மட்டும் 37 புத்தகங்கள் அப்படிப் போய் வந்தன. 37 என்பது சிறிய எண்ணா? சாலை இல்லாத காட்டில், சில குடும்பங்களே உள்ள குடியில், ஒவ்வொரு புத்தகமும் ஒருவர் தேடி வந்து எடுத்தது. அப்படிப் பார்த்தால் அது பெரிய எண்.

6. வயது ஒரு தடையா?

ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்தவர் கார்த்தியாயினி அம்மா. இளம் வயதில் பள்ளிக்குப் போகவில்லை. 2018-இல் கேரள எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வை எழுதினார். அப்போது அவருக்கு வயது 96. நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். 2020-இல் குடியரசுத் தலைவரிடமிருந்து மகளிர் சக்தி விருது பெற்றார். 2023-இல், தம் 101-ஆம் வயதில் மறைந்தார்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. நாற்பது வயதுக்கு மேல் பலருக்கு வெள்ளெழுத்து வரும். பக்கத்தில் உள்ள எழுத்து மங்கலாகத் தெரியும். "எனக்குப் படிப்பு ஏறவில்லை" என்று சிலர் புத்தகத்தை மூடி விடுகிறார்கள். குறை படிப்பில் இல்லை, கண்ணில் இருக்கலாம். அரசு மருத்துவமனையில் கண்ணைச் சோதித்துக் கொள்ளுங்கள். ஒரு கண்ணாடி போதும். எழுத்து திரும்பத் தெளியும்.

7. படிக்கும் பழக்கம் எப்படி வரும்?

நேரம் ஒன்றை வைத்துக் கொள்ளுங்கள். அடுப்பில் உலை கொதிக்கும் நேரம் ஆகலாம். மாலையில் மாடு கட்டிய பிறகு ஆகலாம். தினம் கால் மணி நேரம் போதும்.

பிடித்ததைப் படியுங்கள். சிலருக்குக் கதை பிடிக்கும். சிலருக்குப் பயிர்த்தொழில் பிடிக்கும். சிலருக்குச் சமையல் குறிப்பு பிடிக்கும். பிடிக்காத புத்தகத்தை மூடி வைத்து வேறொன்றை எடுப்பதில் தவறே இல்லை.

வாய்விட்டுப் படியுங்கள். சொல் கடினமாக இருந்தால் வரியின் கீழ் விரல் வைத்துக் கூட்டிப் படியுங்கள். புரியாத சொல்லின் கீழ்ப் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். நூலகப் புத்தகம் என்றால் கோடு போடாமல், அந்தச் சொல்லைத் தாளில் எழுதிக் கொள்ளுங்கள்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் கூட உட்காருங்கள். ஒரு பக்கம் பிள்ளை படிக்கட்டும். ஒரு பக்கம் நீங்கள் படியுங்கள்.

8. படிப்பு வட்டம்

தனியாகப் படித்தது சில நாளில் மறந்து போகும். நான்கு பேரிடம் சொன்னது மனத்தில் நிற்கும். சொல்வதற்காகவே நாம் கவனமாகவும் படிப்போம். ஆகவே ஒரு படிப்பு வட்டம் தொடங்குங்கள்.

ஐந்து பேர் போதும். வாரம் ஒரு நாள் கூடுங்கள். அயல்கூட்டம் கூடும் நாளிலேயே அரை மணி நேரம் ஒதுக்கலாம். வாயனசாலைத் திண்ணையில் உட்காரலாம். ஒரு மரத்தடி கூடப் போதும்.

ஒவ்வொருவரும் நான்கு செய்திகளைச் சொல்லுங்கள்:

• நான் படித்தது எதைப் பற்றி?
• எனக்குப் பிடித்தது எது?
• நான் ஒத்துக் கொள்ளாதது எது?
• நம் ஊருக்கு இதில் என்ன இருக்கிறது?

தமிழ் படித்தவர் தமிழ்ப் புத்தகத்தைச் சொல்லட்டும். மலையாளம் படித்தவர் மலையாளப் புத்தகத்தைச் சொல்லட்டும். எல்லோருக்கும் இரட்டை லாபம்.

வட்டத்துக்கு ஒரே ஒரு விதிதான். தட்டுத் தடுமாறிப் படிப்பவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஒரு முறை சிரித்தால் அவர் மறு வாரம் வர மாட்டார். புத்தகத்தையும் தொட மாட்டார். காத்திருந்து கேளுங்கள். கேட்டால் மட்டும் உதவுங்கள்.

கைபேசி வைத்திருப்பவர்கள் படித்ததைக் குரலில் பதிந்து, வெளியூரில் வேலை பார்க்கும் உறவினருக்கு அனுப்பலாம். கைபேசியில் வரும் செய்தி எல்லாம் உண்மை என்று மட்டும் நம்ப வேண்டாம். வட்டத்தில் வைத்து நான்கு பேர் பேசிப் பாருங்கள். செய்தித்தாளோடு ஒத்துப் பாருங்கள்.

9. உங்கள் படிப்பு நோட்டு

சின்னத்தம்பியைப் போல நீங்களும் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, புத்தகத்தின் பெயர், தெரிந்து கொண்டது, யாரிடம் சொன்னேன் என்று நான்கு கட்டம் போடுங்கள். தெரிந்து கொண்டதை ஒரே வரியில் எழுதினால் போதும். எழுதவும் பழக்கம் வரும். ஆண்டு முடிவில் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

"யாரிடம் சொன்னேன்" என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். நீங்கள் சொன்னதைக் கேட்டு, இன்னும் எழுத்துக் கற்காத ஓர் அக்காவோ அண்ணனோ, "எனக்கும் சொல்லித் தா" என்று வரலாம். அப்போது நீங்கள் ஆசிரியர்!

புதிய சொற்கள்

வாசிப்பு – படித்தல்
மொழிபெயர்ப்பு – ஒரு மொழியில் உள்ளதை வேறு மொழியில் எழுதுவது
முழக்கம் – பலர் சேர்ந்து உரக்கச் சொல்லும் வாசகம்
வெள்ளெழுத்து – நடு வயதில் பக்கத்துப் பொருள் மங்கலாகத் தெரிவது

பதில் சொல்லுங்கள்

1. பி.என். பணிக்கர் எந்த ஆண்டில் முதல் நூலகத்தைத் தொடங்கினார்?
2. பீடித் தொழிலாளர்கள், படிப்பவரின் கூலி குறையாமல் எப்படிப் பார்த்துக் கொண்டார்கள்?
3. சின்னத்தம்பி தம் நோட்டில் என்னென்ன எழுதினார்?
4. படிப்பு வட்டத்தில் ஏன் சிரிக்கக் கூடாது?

செய்து பாருங்கள்

உங்கள் வாயனசாலைக்கு இந்த வாரம் போங்கள். ஒரு புத்தகம் எடுங்கள். ஒரு பக்கமாவது படியுங்கள். படித்ததை இன்று இரவே ஒருவரிடம் சொல்லுங்கள்.