விடுமுறை விருந்தினர்

பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே பேரன் என மருவி வழங்குகிறது. பெயர்த்தி என்பது பேத்தி ஆயிற்று. மூத்தோர் பெயரை இளையோர்க்கு இட்டு அழைத்தல் தமிழர்தம் நெடுநாளைய வழக்கம். இன்றும் பல குடும்பங்களில் அது நிலவுகிறது. தம் பெயர் தமக்குப் பின்னும் வாழும் என்பதைக் கண்ணாரக் காண்பவர் பாட்டன்மார். ஆதலின், கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருகின்றனர் என்று கேட்டதும் அவர்கள் உள்ளம் பூரிப்பது இயல்பே.

தாமிரபரணிக் கரையில் உள்ள சிற்றூர் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சித்திரைத் திங்கள் பாதி கழிந்துவிட்டது. முதியவர் இருவர் மட்டுமே வாழும் வீட்டில் திடீரென்று சுறுசுறுப்புத் தோன்றுகிறது. பாட்டி முறுக்குச் சுடுகின்றாள். பரணில் கிடந்த ஊஞ்சற் பலகை கீழே இறங்குகிறது. பாட்டனார் பனையேறுபவரிடம் நுங்குக்குச் சொல்லி வைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்து தெருமுனையை நோக்கிய வண்ணம் இருக்கிறார்.

பிள்ளைகள் வந்த மறுநாளே வீட்டின் அமைதி அகன்றுவிடும். பாட்டனாரின் மூக்குக்கண்ணாடி ஒருவன் மூக்கில் ஏறும். கைத்தடி மற்றொருவனுக்குக் குதிரையாகும். பகலுறக்கம் பறிபோகும். இவற்றினும் பெரிய துன்பம் ஒன்று உண்டு, அஃது அச்சம். ஊருக்கு அருகிலோ கோடையிலும் நீரோடும் ஆறு. பிள்ளைகளோ நீந்த அறியாதவர்கள். பெற்றோர் நம்பி விட்டுச்சென்ற செல்வங்கள் அல்லரோ? தளர்ந்த கால்களுடன் பாட்டனார் அவர்கள் பின்னே விரைவார். ஒரு குழந்தைக்கு உடம்பு சற்றே சுடுமாயின், பாட்டி விடியுமளவும் கண்ணுறங்காள்.

இத்தொல்லைகளை முதியோர் விரும்பி ஏற்பது ஏன்? பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் இதற்கு விடை தருகிறது. அது குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுவது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைத்தலும், பறை முழக்குதலும், தேர் உருட்டுதலும் பெரியோர்க்குத் தொல்லையே எனினும், புலவர்கள் அவற்றில் அழகு கண்டனர். நுங்கு தின்றபின் எஞ்சிய கூடுகள் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கோலால் தள்ளிக்கொண்டு ஓடும் பேரனின் வண்டியும் பாட்டனார் கண்ணுக்கு ஒரு சிறுதேரே.

இரவில் பாட்டி நிலா முற்றத்தில் சோற்றை உருட்டிக் கையில் இடுவாள். கதையும் விடுகதையும் கூறுவாள். இன்னார் இன்ன உறவு என்பதையும் பிள்ளைகள் அங்கேதான் அறிவர். கேட்பார் இல்லையேல் அக்கதைகள் பாட்டியுடனே மறைந்துபோம். ஆதலின் சொல்லுகின்ற அவளுக்கும் அது பெரும்பேறு.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கியதும் பிள்ளைகள் புறப்படுவர். இழந்த அமைதி மீண்டும் வரும். ஆனால் அது முன்போல் இனிப்பதில்லை.

மாணவர்களே, முதியோரின் அன்புக்கு எல்லை இல்லை. உடல் வலிமைக்கோ எல்லை உண்டு. ஆதலின் ஆற்றுக்குத் தனியே செல்லாதிருங்கள். கிணற்றுநீரை நீங்களே இறைத்துக் கொடுங்கள். ஊர் திரும்பியபின் மறவாது மடல் எழுதுங்கள். பெயரைத் தாங்குதல் எளிது. அப்பெயருக்கு உரியவரைத் தாங்குதலே பேரப்பிள்ளைகளுக்கு அழகு.