வரைபட வகுப்பில் யாரும் சும்மா உட்காரக் கூடாது

புவியியல் சொல்லித்தரப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும், திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவன் எழுதுவது.

1. முதல் நாளே உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஊர் ஏரியிலிருந்து தொடங்குங்கள். எங்கள் ஊர்ப் பெயரில் ‘கால்’ இருக்கிறது. தண்ணீர் ஓடும் வழிக்கும் தமிழில் கால் என்று பெயர் உண்டு. இது எந்தக் கால் என்று வீட்டில் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

2. பார்வையில்லாத பையன் ஒருவனை, வரைபட வகுப்பு வந்தாலே “நீ சும்மா இருப்பா” என்று ஒரு வருஷம் முழுக்க உட்கார வைத்தவன் நான். கருணை என்று நினைத்துக்கொண்டேன். அது சோம்பேறித்தனம். பிறகுதான் அட்டையில் நூலை ஒட்டி எங்கள் அண்ணாமலை மலையைச் செய்தேன். மலை உச்சி 2,668 அடி. ஒவ்வொரு 500 அடிக்கும் ஒரு நூல் வளையம். நூல் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சரிவு குறைவு. அவன் விரலை ஓட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் கண்ணுள்ள பாதிப் பேருக்கே சம உயரக் கோடு புரிந்தது. கொல்கத்தாவின் தேசிய அட்லஸ் நிறுவனம் 2017-இல் பிரெயில் அட்லஸ் வெளியிட்டிருக்கிறது. கிடைத்தால் வாங்குங்கள். அதுவரை நூலும் பசையும் போதும்.

3. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். காது கேளாத பிள்ளை உங்கள் உதட்டைத்தான் படிக்கிறது.

4. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் திருவண்ணாமலை மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் போனார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அந்தப் படங்களை வகுப்பில் காட்டாதீர்கள், அவர்களோடு விளையாடிய பிள்ளை உங்கள் முன்னால் இருக்கலாம். பேச விரும்பும் பிள்ளை பேசட்டும். புவி வெப்பமடைவதுதான் அந்தப் புயலைக் கொண்டுவந்தது என்று அடித்துச் சொல்லவும் வேண்டாம். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும், மழை கொட்டும்போது அதுவும் சேர்ந்து கொட்டும் என்ற அளவுக்குச் சொல்லுங்கள். நனைந்து ஊறிய மண் செங்குத்தில் நிற்காது என்பதை அந்த நூல் மலையே சொல்லிவிடும்.

5. ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லை வகுப்பில் யோசித்து எடுங்கள். ஏரிப் புறம்போக்கில் வீடு உள்ள பிள்ளை தலை குனிந்துகொள்ளும். அந்த வீடு அங்கே ஏன் வந்தது என்பதும் புவியியல்தான். வெள்ளத்தின்போது தண்ணீர் எந்தப் பக்கமாக உள்ளே நுழைந்தது என்று அந்தப் பிள்ளையைவிடத் தெரிந்தவர் வகுப்பில் யாரும் இல்லை. ஜவ்வாது மலையிலிருந்து வந்த பிள்ளையிடம் சாமை விதைப்பைக் கேளுங்கள். குடும்பத்தோடு செங்கல் சூளை வேலைக்குப் போய்த் திரும்பிய பிள்ளை வந்த வழியை வரையட்டும்.

6. மழைமானி செய்யுங்கள். அகலம் மாறாத கண்ணாடி ஜாடியும் அளவுகோலும் போதும். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். சக்கர நாற்காலிப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு அளந்து எழுதும் பொறுப்பு அந்தப் பிள்ளையுடையது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். அதற்குள் ஜாடியை வைத்துவிடுங்கள்.